வெள்ளம் வடிந்த வீடு: அவசரத்தில் செய்துவிடும் தவறுகள்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் 2015 டிசம்பரில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. ஹாலில் இடுப்பளவு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு கரை மீறி ஓடிய வாரம் அது. தண்ணீர் வடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் இருந்த எண்ணம் ஒன்றுதான்: பொங்கலுக்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும். ஆறு வாரம் இருந்தது. கழுவினோம், பட்டி பார்த்தோம், பெயின்ட் அடித்தோம். பொங்கலன்று சுவர் புதிதாக மின்னியது. சித்திரை பிறப்பதற்குள் தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு அந்தப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. விரலால் அழுத்தினால் உடைந்தது. உள்ளே பஞ்சு பஞ்சாக வெள்ளை உப்பு.

எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே ஹாலில் மறுபடியும் முழங்காலளவு தண்ணீர். அதே மாதம் தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எப்போது ஃபிரிட்ஜைப் போடலாம், எப்போது பெயின்ட் அடிக்கலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தண்ணீர் புகுந்த வீட்டில் சேற்றையும் நனைந்த பஞ்சையும் வெளியேற்றுவதில் வேகம் வேண்டும். கரன்ட், பம்ப், பெயின்ட் மூன்றிலும் பொறுமை வேண்டும். பதற்றத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம்.

ஈபி நின்றுவிட்டது என்ற தைரியத்தில் இறங்குவது

தண்ணீர் ஏறியதும் ஈபிக்காரர்களே ஏரியா முழுக்கக் கரன்ட்டை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் சாமான்களை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குகிறோம். இன்வெர்ட்டரை யாரும் நினைப்பதில்லை. ஈபி போன நொடியிலேயே அது விழித்துக்கொண்டு வீட்டு வயரிங்குக்குள் 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். நம் வீடுகளில் அதன் பேட்டரி தரையில் இருக்கிறது, ப்ளக் பாயின்ட்டுகள் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கின்றன. மழை எச்சரிக்கை வந்ததுமே இன்வெர்ட்டரை அணைத்து, அதன் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியோடு சோலார் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

மெயின் ஸ்விட்சுக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் போகாதீர்கள். தெருவில் உள்ள பில்லர் பாக்ஸிலோ கம்பத்திலோ உங்கள் லைனைத் துண்டித்துத் தரும்படி ஈபிக்காரரைக் கேளுங்கள்.

தண்ணீர் வடிந்து நாலைந்து நாளில் ஸ்விட்ச் போர்டு காய்ந்துவிட்டது போலத் தெரியும். அதை நம்பி மெயினைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். 2015-ல் ஐந்தாம் நாள் எங்கள் எலக்ட்ரீஷியன் ஹாலில் ஒரு போர்டைக் கழற்றினார். மேலே துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. வயரைப் பிடித்து லேசாக இழுத்தார். சுவருக்குள் இருந்த பைப்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவு கொட்டியது. உள்வயரிங் வீடுகளில் தண்ணீர் அந்தப் பைப்புக்குள் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டும் குறைந்தது 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். காட்டாத லைனைப் பிரித்து ஒதுக்கிவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளலாம்.

மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்றால், அதை பைபாஸ் செய்துகொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எங்கேயோ மின்சாரம் கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஈரச் சுவருள்ள வீட்டில் குழந்தை போய் ஸ்விட்சில் கை வைக்கும்போது காப்பாற்றப்போவது அதுதான்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், போர் மோட்டார் எல்லாம், ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கும்போதுதான் புகைகின்றன. கழற்றிக் கழுவிக் காயவைத்திருந்தால் பிழைத்திருக்கும். தண்ணீரில் கிடந்த கேஸ் ரெகுலேட்டரையும் டியூபையும் மறுபடி மாட்டாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட்டை ஒரே ராத்திரியில் இறைத்துவிடுவது

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடிகளில் பேஸ்மென்ட் பார்க்கிங் நிரம்பிவிட்டால், அசோசியேஷன்காரர்கள் பெரிய டீசல் பம்ப் நாலைந்தை வாடகைக்குப் பிடித்து விடிவதற்குள் காலி செய்துவிடப் பார்ப்பார்கள். கார்கள் உள்ளே மூழ்கிக் கிடக்கும்போது அந்த அவசரம் புரிகிறது. ஆனால் வெளியே மண்ணும் அதே தண்ணீரில் ஊறி, பேஸ்மென்ட் சுவரை எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கலை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருப்பது உள்ளே நிற்கும் தண்ணீர். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்பக்கம் வளையும், விரிசல் விடும். தரை கீழிருந்து தூக்கும்.

தெருவில் தண்ணீர் வடிந்த பிறகே இறைக்கத் தொடங்குங்கள். ஓரடி இறைத்ததும் நிறுத்தி, சுவரில் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மண் இன்னும் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். இன்னொரு நாள் பொறுக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மேற்கொண்டு இறைக்கலாம். இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். மண்ணைத் தாங்கி நிற்கும் ரிட்டைனிங் சுவரைத் திரும்பக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

டீசல் பம்பையோ ஜெனரேட்டரையோ பேஸ்மென்ட்டுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே நிற்கிற ஆளுக்குத் தெரியாமலே மயக்கம் வந்துவிடும். என்ஜின் மேலே தரையில் இருக்கட்டும், ஹோஸ் மட்டும் கீழே போகட்டும்.

தனி வீட்டுக்காரர்கள் இதையே, தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில் செய்கிறார்கள். அழுக்குத் தண்ணீர் கலந்துவிட்டதே என்று முதல் நாளே காலி செய்துவிடுகிறார்கள். மூடிய காலி டப்பா ஒன்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், எப்படி மேலே எழும்புகிறது! நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும்போது காலி சம்ப்பும் அப்படித்தான், குறிப்பாகப் புதைத்து வைத்த ஃபைபர் செப்டிக் டேங்க்கும் பிளாஸ்டிக் தொட்டியும். சுற்றிலும் மண்ணில் தண்ணீர் இறங்கும்வரை அதை உபயோகிக்காமல் அப்படியே விட்டு வையுங்கள்.

மூழ்கிய காரில் சாவியைத் திருப்பாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

சேறு காயட்டும் என்று விடுவது

சேறு ஈரமாக இருக்கும்போது விளக்குமாறுக்கு வரும். காய்ந்தால் மண்வெட்டிக்கும் வராது. தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே கலக்கிக் கலக்கி அதனோடு வெளியே தள்ளிவிடுவதுதான் சுலபம். 2023-ல் நாங்கள் அப்படித்தான் செய்தோம். போன முறை ஒரு வாரம் பிடித்த வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. பூட்ஸும் ரப்பர் கிளவுஸும் இல்லாமல் இறங்க வேண்டாம். சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்த தண்ணீர் அது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே எலிக்காய்ச்சலுக்குப் போதும். பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பிளீச்சிங் பவுடர் தூவிய பாத்ரூமில், கறை போகட்டும் என்று மேலேயே ஆசிட் ஊற்றுகிறோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். ஒரு நாள் ஒன்று, நன்றாகக் கழுவிவிட்ட பிறகு மறுநாள் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் வீண். அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம்தான் பிளீச்சிங்.

சம்ப்பைத் தேய்த்துக் கழுவியதும் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். குழாய்களைத் திறந்து அந்த நெடி வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். மறுநாள் முழுவதையும் வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் பிடிக்கலாம்.

போட்டோ எடுக்காமல் தூக்கிப் போடுவது

வீட்டைப் பார்த்த வேதனையில் எல்லாவற்றையும் வாரித் தெருவில் போட்டுவிடுவோம். அதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு சாமானையும் அதன் மாடல் நம்பரோடு படம் எடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் சேதத்தைப் பார்க்க வருவதற்குள் குப்பை லாரி வந்துவிடும். 2021 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பாரத் கிரிஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். வீட்டுக் கடன் வாங்கியபோது இப்படி ஒரு பாலிசியும் சேர்ந்து வந்திருக்கலாம். பேங்க் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள்.

நனைந்த பத்திரங்களை வெயிலில் விரிப்பதும், ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிப்பதும்தான் அவற்றை ஒழித்துக்கட்டும். சேற்றை மட்டும் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசிவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கரன்ட் இருக்கும் யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிடுங்கள். பூஞ்சணம் அங்கே வளராது. வீடு ஒழுங்கானதும் ஒவ்வொன்றாக எடுத்து, நிழலில், டிஷ்யூ பேப்பர் இடையில் வைத்துக் காயவைக்கலாம். அம்மாவின் கல்யாண போட்டோக்களில் பாதியை நாங்கள் முதல் முறை உரித்து உரித்தே இழந்தோம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். 2015-ல் அரசே சிறப்பு முகாம்கள் நடத்தி ரேஷன் கார்டு, மார்க் ஷீட் வரை மாற்று கொடுத்தது. போட்டோவுக்கு நகல் கொடுக்கிற அலுவலகம் எங்கும் இல்லை.

மெத்தை, தலையணை, சோபா பஞ்சு எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். மேலே காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும், இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியும் அப்படித்தான், ஊதினது ஊதினதுதான். கெட்டி மரக்கதவு வேறு கதை. ஊறிப்போய் நிலையில் மாட்டிக்கொள்ளும் கதவை உடனே ஆசாரியை வரவழைத்து இழைத்துவிடுகிறோம். மூன்று மாதத்தில் மரம் காய்ந்து சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். அதுவரை கதவைக் கழற்றி நிழலில் சாய்த்து வைப்பதே மேல்.

ஈரச் சுவரை மூடிவிடுவது

செங்கல் விளக்குத் திரி மாதிரி. தண்ணீர் மூன்றடி நின்றிருந்தால் ஈரம் நாலடி, நாலரை அடி வரை ஏறியிருக்கும். அது வெளியே வர ஒரே வழி, சுவரின் மேற்பரப்பு வழியாக ஆவியாவதுதான். வரும்போது செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் இருந்தால் உப்பு அதன் பின்னால் தேங்கி, படிகமாகிப் பெயின்ட்டைத் தள்ளும். எங்கள் வீட்டுச் சுவர் அப்பளம் பொரித்தது இதனால்தான்.

இதைப் பார்த்து பயந்து பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். வாட்டர்புரூஃப் கோட்டிங் அடிக்கிறார்கள், இல்லையென்றால் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஓதம் மறையும். உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, டைல்ஸுக்கு மேல் ஒரு புதுக் கறையாக வெளிவரும்.

சுவர் காய எவ்வளவு நாளாகும்? அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தால்கூட நாலரை மாதம். டிசம்பரில் நனைந்தது மே வெயிலில்தான் காய்ந்து முடியும். அதுவரை பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். உப்பிய பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டி, சுவரை மூச்சுவிட விடுங்கள். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். மழை தூறும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை, வெளிக்காற்றே ஈரம். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி ஃபேன் போடலாம், ஏசி இருந்தால் டிரை மோடில் விடலாம்.

பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை. ஓரடிச் சதுரத்துக்குக் கனமான பாலித்தீன் ஷீட்டை எடுத்து, சுவரில் நாலு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து ஷீட்டின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ பெயின்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுவரில் நாலைந்து இடத்தில், குறிப்பாகத் தரையை ஒட்டி, செய்து பார்ப்பது நல்லது.

பொங்கலுக்கு வீடு வெறுஞ்சுவராக நிற்கலாமா என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. அதற்கு நம் பாட்டிமார் வழி இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளையடித்தால் சுவர் பளிச்சென்றும் இருக்கும், ஈரமும் அதன் வழியே வெளியேறும். 2024 பொங்கலுக்கு எங்கள் ஹாலில் அடித்தது சுண்ணாம்பு மட்டும்தான். மாசியில் ஒட்டிய பாலித்தீன் ஷீட் வியர்த்திருந்தது. சித்திரையில் மறுபடி ஒட்டினோம், ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலையில் மட்டும் வியர்த்தது. வைகாசிக் கடைசியில் எல்லா இடத்திலும் ஷீட் உலர்ந்தே கிடந்தது. ஆனியில் பெயின்டர் வந்தார்.