மசகு எண்ணெய் 10 டொலர் குறைந்தால் ஹட்டன் பெற்றோல் செட்டில் எத்தனை ரூபா குறையும்?

உலகச் சந்தையில் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத எண்ணெய்) சரிந்துவிட்டது என்று செய்தியில் கேட்டதும், மாதக் கடைசியில் பெற்றோல் எவ்வளவு இறங்கும் என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: பீப்பாய் எத்தனை டொலர் இறங்கியது, ஒரு டொலர் எத்தனை ரூபா, இறங்கிய விலை எத்தனை நாள் நின்றது. ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்ற ஹயர் பேசுகிறவருக்கும், பதுளை பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கும் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வராத குறைப்பை எதிர்பார்த்து ஏமாறுவோம். அல்லது வரவேண்டிய குறைப்பு வராதபோது கேட்காமலே விட்டுவிடுவோம். இரண்டாவதுதான் அதிக நட்டம்.

சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாவில் கணக்குப் பாருங்கள்

"மசகு எண்ணெய் 20 சதவீதம் விழுந்தது, பெற்றோல் 10 சதவீதம்கூட இறங்கவில்லை" என்பது எல்லோரும் சொல்லும் குறை. ஆனால் இந்த இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பிழை. ஒரு லீட்டர் பெற்றோலின் விலையில் மசகு எண்ணெய் ஒரு பங்குதான்.

ஒரு பீப்பாய் என்பது 159 லீட்டர். பீப்பாய் 70 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 70ஐ 159ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் 132 ரூபா வரும். பெற்றோல் லீட்டர் 300 ரூபாவுக்கு விற்றால், அதில் மசகு எண்ணெய்க்குரியது இந்த 132 மட்டுமே. அது 20 சதவீதம், அதாவது 14 டொலர் விழுந்தால், லீட்டருக்கு 26 ரூபா 40 சதம் குறைய வேண்டும். அதன் மேல் விழும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் சேர்ந்து குறைவதால் ஏறத்தாழ 31 ரூபா. 300 ரூபாவில் 31 ரூபா என்பது 10 சதவீதம். யாரும் எதையும் பிடித்துவைக்காமல், முழுக் குறைப்பும் நம் கைக்கு வந்தாலும் அவ்வளவுதான்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சூத்திரம்: டொலர் 300 ரூபாவாக இருக்கும்போது பீப்பாயில் 1 டொலர் மாறினால் லீட்டரில் 1 ரூபா 90 சதம். வற்றோடு சேர்த்தால் 2 ரூபா 20 சதம். ஆகவே 10 டொலருக்கு 19 ரூபா, வற்றோடு 22 ரூபா. டொலர் விலை மாறினால் இந்த எண்ணையும் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பங்கு எங்கே போகிறது?

இலங்கையில் 2018 மே மாதம் எரிபொருள் விலைச்சூத்திரம் ஒன்று வந்தது. இடையில் கைவிடப்பட்டு, 2022 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதில் நான்கு கூறுகள். நாட்டுக்கு வந்து இறங்கும்போது உள்ள விலை ஒன்று. களஞ்சியம், போக்குவரத்து, விநியோகம் முதலான கையாளும் செலவு அடுத்தது. மூன்றாவது நிர்வாகச் செலவு, நான்காவது வரி. உலகச் சந்தையோடு நேரடியாக ஆடுவது முதல் கூறு மட்டும்தான்.

மலையகத்துக்கு வரும் எண்ணெய் கொலன்னாவை, முத்துராஜவெல களஞ்சியங்களிலிருந்து பவுசரிலோ, ரயில் தாங்கியில் கொட்டகலை, ஹப்புத்தளை பக்கமோ ஏறி வருகிறது. கடுகண்ணாவையிலும் கினிகத்தேனையிலும் பவுசர் ஏறும் ஏற்றம் மசகு எண்ணெய் விலை குறைந்ததற்காகக் குறையாது. சாரதியின் சம்பளமும் அப்படித்தான்.

வரிதான் முக்கியமான கூறு. லீட்டருக்கு இத்தனை ரூபா என்று நிலையாக விதிக்கப்படும் தீர்வைகள், பீப்பாய் 120 டொலரானாலும் 60 டொலரானாலும் மாறாது. அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க 2025இல் லீட்டருக்கு 50 ரூபா அளவில் அறவிடப்பட்டதும் இதற்குள்தான் வந்தது. வற் மட்டும் சதவீதக் கணக்கு, அதனால் அது விலையோடு ஏறி இறங்கும். 2024 ஜனவரி 1ஆம் திகதி எரிபொருளுக்கான வற் விலக்கு நீக்கப்பட்ட அன்றே சாதாரணப் பெற்றோலான 92 ஒக்டேன் 346 ரூபாவிலிருந்து 366 ரூபாவானது. மசகு எண்ணெய் ஏறியதால் வந்த ஏற்றமல்ல அது.

2022ஐ எடுத்துச் சரிபார்ப்போம்

சூத்திரம் சரியா என்று பார்க்க நல்ல காலம் 2022இன் இரண்டாம் பாதி. டொலர் அந்த மாதங்களில் 360 ரூபா அளவிலேயே நின்றது, எரிபொருளுக்கு வற்றும் இல்லை. ஆகவே டொலரோ வற்றோ கணக்கைக் குழப்பாது. ஜூனில், உலகச் சந்தையின் அளவுகோலாகப் பார்க்கப்படும் பிரென்ட் மசகு எண்ணெய் 120 டொலர் அளவில் இருந்தது, 92 ஒக்டேன் 470 ரூபா. டிசம்பரில் பிரென்ட் 80 டொலர் அளவு, பெற்றோல் 370 ரூபா. சதவீதத்தில் பார்த்தால் எண்ணெய் மூன்றிலொன்று விழுந்தது, பெற்றோல் 21 சதவீதம்தான். ரூபாவில் பாருங்கள்: 40 டொலரை 159ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 90 ரூபா 57 சதம். உண்மையில் இறங்கியது 100 ரூபா. பெற்றோல் விஷயத்தில் முழுக் குறைப்பும் வந்து சேர்ந்திருக்கிறது, வந்து சேர நாலைந்து மாதம் எடுத்தது என்பதுதான் விஷயம்.

டீசல் அப்படியில்லை. ஜூனில் 460 ரூபாவாக இருந்த சாதாரண டீசல், 2023 தொடக்கத்தில் 405. அதே எண்ணெய், அதே டொலர், ஆனால் 55 ரூபாதான் இறங்கியது. காரணம், நாம் பெரும்பாலும் வாங்குவது மசகு எண்ணெயை அல்ல. சப்புகஸ்கந்தையில் இருப்பது 1969இல் தொடங்கிய, நாளுக்கு 50,000 பீப்பாய் அளவுள்ள ஒரே சுத்திகரிப்பு ஆலை. அது நாட்டின் தேவைக்குப் போதாது. மிச்சம் சுத்திகரித்த பெற்றோலாகவும் டீசலாகவும் கப்பலில் வருகிறது, சிங்கப்பூர்ச் சந்தை விலையில். அங்கே பெற்றோலுக்கு ஒரு விலை, டீசலுக்கு ஒரு விலை. மசகு எண்ணெய்க்கும் அவற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் சுத்திகரிப்பாளரின் செலவும் இலாபமும். உக்ரேன் போருக்குப் பிறகு டீசலில் அந்த வித்தியாசம் மிகவும் விரிந்து நின்றது, பெற்றோலில் சுருங்கியது. ஆகவே பிரென்ட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவரின் விடை பாதி நேரம் பிழைக்கும். முடிந்தால் சிங்கப்பூரின் 92 ஒக்டேன் விலையையும் டீசல் விலையையும் தனித்தனியே பாருங்கள். பீப்பாய்க் கணக்கு அதே கணக்குத்தான்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 2022 ஓகஸ்டில், உலகச் சந்தை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. தோட்ட லயங்களில் அடுப்பும் விளக்கும் அதை நம்பியிருந்த வீடுகளுக்கு அது பேரிடி. அடக்கவிலைக்கும் குறைவாக விற்கப்பட்டு வந்த ஒரு பொருளை அடக்கவிலைக்குக் கொண்டுவந்ததால் அப்படி நடந்தது. விலை செயற்கையாக அமுக்கிவைக்கப்பட்ட பொருளில், உலகச் சந்தை இறங்கினாலும் முதலில் பழைய பள்ளம்தான் நிரம்பும்.

நாட்கணக்கு

விலை மாதத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் கடைசி நாள் இரவில் அறிவிக்கப்படுகிறது. அது அன்றைய சந்தை விலையை வைத்தல்ல, கடந்த நாட்களின் சராசரியை வைத்து. இதை ஒரு மாதச் சராசரியாக எடுத்துப் பார்த்தால் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பீப்பாய் முதல் 20 நாள் 80 டொலர், கடைசி 10 நாள் 70 டொலர் என்றால் சராசரி 76.7. விழுந்தது 10 டொலர், கணக்கில் சேர்ந்தது 3.3 டொலர். அதாவது அடுத்த மாதம் 7 ரூபா, அதற்கடுத்த மாதம் மிச்சம் 15 ரூபா, அதுவும் எண்ணெய் 70லேயே நின்றால். நடுவில் மீண்டும் ஏறிவிட்டால் அந்த 15 ரூபா நம் கண்ணில் படாமலே போய்விடும்.

2025 ஜூனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இஸ்ரேல் - ஈரான் மோதலால் எண்ணெய் விலை துள்ளி ஏறி, மாதம் முடிவதற்குள்ளேயே மீண்டும் இறங்கிவிட்டது. ஆனால் ஜூலை 1ஆம் திகதி இங்கே 92 ஒக்டேன் 293இலிருந்து 305 ரூபாவானது, டீசல் 274இலிருந்து 289. எண்ணெய் இறங்கிய பிறகு ஏற்றுகிறார்களே என்று பலருக்குக் கோபம். அந்த மாதச் சராசரி ஏறித்தான் இருந்தது என்பதே விளக்கம். ஆனால் இறக்கம் வந்த விதத்தில் கேள்வி கேட்க நியாயம் இருக்கிறது: செப்டெம்பர் தொடக்கத்தில்தான் இரண்டிலும் 6 ரூபா குறைந்து, 299, 283 என்று வந்தது. ஒரே மாதத்தில் 12 ரூபா ஏறியது, இரண்டு மாதம் கழித்து அதில் பாதி இறங்கியது.

இப்படி வேகமாக ஏறி மெதுவாக இறங்குவது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியப் பெற்றோல் விலைகளை ஆராய்ந்த ரொபர்ட் பேக்கன் 1991இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு. செட்டுக்குச் செட் விலை வேறுபடும் நாடுகளில் இதற்குக் காரணம் வாங்குகிறவரிடமும் இருக்கிறது. விலை ஏறும்போது மக்கள் மலிவான செட்டைத் தேடி அலைவார்கள், இறங்கும்போது கொஞ்சம் குறைந்ததே போதும் என்று முதல் செட்டிலேயே அடித்துவிடுவார்கள். யாரும் தேடாதபோது, விற்கிறவர் வேகமாக இறக்கத் தேவையில்லை. இங்கே கூட்டுத்தாபனம் அறிவித்ததும் மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் அதே விலைக்கு வந்துவிடுவதால், தேடி அலைந்து பயன் குறைவு. நமக்கு எஞ்சியிருப்பது அறிவிப்பைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

ஒப்பிடும்போது டொலரை மறக்க வேண்டாம். வந்து இறங்கும் விலை லீட்டருக்கு 150 ரூபா என்றால், ரூபா 1 சதவீதம் சரிந்தாலே 1 ரூபா 50 சதம், வற்றோடு 1 ரூபா 77 சதம் ஏறும். எண்ணெய் 3 டொலர் குறைந்து, அதே மாதத்தில் டொலர் 300இலிருந்து 311 ஆனால் குறைப்பு ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். 2023 மார்ச் கடைசியில் பெற்றோல் 400இலிருந்து 340க்கு ஒரேயடியாக இறங்கியதில், அந்த மாதம் ரூபா வலுப்பெற்றதற்கும் பங்கு உண்டு.

கணக்கு 10 ரூபா என்று சொல்லி அறிவிப்பு 8 என்று வந்தால் விட்டுவிடலாம். கணக்கு 20 என்று சொல்லி, டொலர் அசையாமல், வரியும் மாறாமல், அறிவிப்பு 5 என்று வந்தால், அடுத்த மாதமும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஹயரும் பஸ் கட்டணமும்

செட்டில் இறங்கிய விலை தோட்டத்துக்கு வந்து சேர இன்னொரு படி இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போக வர ஏறத்தாழ 340 கிலோமீற்றர். லீட்டருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 68 லீட்டர் டீசல். 2025 ஜூலையில் ஏறிய 15 ரூபாவுக்கு ஒரு நடைக்குக் கூடிய செலவு 1,020 ரூபா. 3,000 கிலோ கரட் ஏற்றினால் கிலோவுக்கு 34 சதம். அதற்கு மேல் யாராவது ஹயர் கேட்டால், அது டீசல் விலையால் அல்ல. செப்டெம்பரில் இறங்கிய 6 ரூபாவுக்கு, ஹயரில் 408 ரூபா குறைத்துக் கேட்பது நியாயம். ஏறும்போது டீசல் காரணத்தை ஏற்றுக்கொண்டவர், இறங்கும்போது அதே கணக்கை எழுதிக் காட்டிப் பேசலாம்.

மலைப்பாதையில் லீட்டருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஆட்டோவுக்கு, பெற்றோல் 10 ரூபா மாறினால் கிலோமீற்றருக்கு 50 சதம். 4 கிலோமீற்றர் சவாரிக்கு 2 ரூபா. இதைத் தெரிந்துகொண்டால் சாரதியும் பயணியும் சண்டை போட வேண்டியதில்லை.

பஸ் கட்டணத்தின் வருடாந்தத் திருத்தம் ஜூலையில். அதில் டீசல் ஒரு கூறு மட்டுமே. டயர், உதிரிப்பாகம், சம்பளம் எல்லாம் சேரும். 2025 ஜூலையில் கட்டணம் 0.55 சதவீதம்தான் குறைக்கப்பட்டது, அதாவது 100 ரூபா டிக்கட்டில் 55 சதம்.

மாதக் கடைசியில் எப்படி எண்ணெய் அடிப்பது

குறைப்பு வரும் என்று தெரிந்தால் செட் உரிமையாளரும் கணக்குப் போடுவார். 6,600 லீட்டர் பழைய விலையில் வாங்கி நிலத்தடித் தாங்கியில் இருக்கும்போது 12 ரூபா குறைந்தால் அவருக்கு 79,200 ரூபா நட்டம். அதனால் கடைசி இரண்டு மூன்று நாள் சிலர் புதிதாக ஓடர் போடுவதில்லை. ரவுனில் ஒன்றிரண்டு செட்தான் இருக்கும் மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற இடங்களில் "ஸ்டொக் இல்லை" பலகை அப்போதுதான் தொங்கும். ஏற்றம் வரும் என்றால் நிலைமை தலைகீழ்: வரிசை நீளும்.

ஆகவே குறைப்பை எதிர்பார்த்தாலும் 27, 28ஆம் திகதியில் அரை டாங்கி அடித்துவைத்துவிடுங்கள். 8 லீட்டர் கொள்ளும் ஆட்டோ டாங்கியை முழுதாகக் காயவைத்துக் காத்திருந்தாலும், 12 ரூபாக் குறைப்பில் மிச்சம் 96 ரூபாதான். ரிசேர்வில் ஓடினால் செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய் டாங்கியின் பின்பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை இழுத்து வண்டி நின்றுவிடும். அடியில் தங்கிய அழுக்கும் தண்ணீரும் வடிகட்டிக்கு ஏறும். எண்ணெய்ப் பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கும் கார்களில் அந்தப் பம்பைக் குளிரவைப்பதே சுற்றியுள்ள பெற்றோல்தான். அது வற்ற வற்றப் பம்பு சூடேறிப் பழுதாகும். ஏற்றப் பாதையில் ஓடும் வண்டியைக் கால் டாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.