பின் பிரேக் பைப் மாற்றப் போகிறீர்களா?
ஊட்டி ஈரம் காரின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். பின் பிரேக் பைப்பில் (பின் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் உலோகக் குழாய்) துரு பொரிந்திருந்தால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவே வேண்டாம்.

வீட்டிலேயே மாற்றுவதென்றால் சமதரை தேடுங்கள் (இங்கே அதுதான் பெரும்பாடு!). பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் பயன்படாது. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

பைப் முனையில் இருக்கும் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகி மழுங்கடித்து, ஒரு ஞாயிறு முழுக்க நான் திண்டாடியிருக்கிறேன். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு, காலையில் ஃபிளேர் நட் ஸ்பேனர் (நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர்) போடுங்கள். புது நட்டை விரலாலேயே சில சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர்.

புது பைப்பாக ஏசி செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில், அதன் தொட்டி மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்படி, சீல் உடைக்காத டப்பா. குமிழி நிற்கும்வரை பிரேக்கிலிருந்து காற்றெடுங்கள், அதுவரை ஆயில் தொட்டி வற்றக்கூடாது. ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.