கல்லூரிக் கட்டுரை அசைன்மென்ட்: ப்ராம்ப்டிலிருந்து இரண்டாவது டிராஃப்ட் வரை, படிப்படியாக

கட்டுரை எழுதக் கற்றுத்தரும் கம்போசிஷன் வகுப்பில் முதல் கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வரும்போது பலரும் குழம்பிப்போகிறார்கள். இலக்கணப் பிழை ஒன்றிரண்டுதான் இருக்கும், மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கும். ஓரத்தில் ‘அதனால் என்ன?’, ‘எப்படி?’, ‘இந்தப் பத்தி எதற்கு?’ என்று எழுதியிருப்பார்கள். இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுகூட வாக்கியத்தைப் பற்றியதில்லை, மூன்றும் வாதத்தைப் பற்றியவை. அதனால் இந்தப் பதிவில் வாக்கிய அழகுக்குக் கடைசி இடம்தான்.

1200 சொல் வாதக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். எடுத்துக்காட்டுகளைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் முறை இதுவேதான். ப்ராம்ப்ட் (ஆசிரியர் தரும் கட்டுரைக் கேள்வி) இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

‘வகுப்பில் மாணவர்கள் லேப்டாப்பில் குறிப்பெடுக்க அனுமதிக்கலாமா? குறைந்தது இரண்டு ஆய்வுகளை மதிப்பிட்டு, உங்கள் நிலைப்பாட்டை வாதிடுக.’

படி 1: வினைச்சொல்லை வட்டமிடுங்கள்

இந்த ப்ராம்ப்டில் வினை இரண்டு: ‘மதிப்பிட்டு’, ‘வாதிடுக’. ஆய்வு என்ன சொன்னது என்று எழுதினால் அது சுருக்கம். அது எந்த அளவுக்குச் செல்லும், எங்கே செல்லாது என்று எழுதினால்தான் மதிப்பீடு. ‘பகுத்தாய்க’ என்று கேட்டிருந்தால் ஒரு எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும், அங்கே உங்கள் கட்சி எது என்பது தேவையில்லை. ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் தனித்தனியாக விவரித்து அடுத்தடுத்து வைப்பது போதாது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும்.

ரூப்ரிக் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல்) கொடுத்திருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். வாதத்துக்கும் சான்றுக்கும் 50, மொழிக்கு 15 என்றிருந்தால் உங்கள் நேரத்தையும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்க வேண்டும். வழக்கமாக நடப்பது நேர்மாறு: கிடைத்த நேரமெல்லாம் முதல் பத்தியின் முதல் வாக்கியத்தைச் செதுக்குவதிலேயே போய்விடும்.

படி 2: படிக்கும்போதே இரண்டு நெடுவரிசைக் குறிப்பு

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆய்வு சொல்வது, பக்க எண்ணோடு. வலப்பக்கம் உங்கள் கேள்வி. வலப்பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை, நகல்தான் எடுக்கிறீர்கள்.

நம் தலைப்பில் எல்லோரும் முதலில் எடுப்பது முல்லரும் ஓபன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. பதிவுசெய்த உரைகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, சிலரைக் கையாலும் சிலரை லேப்டாப்பிலும் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். லேப்டாப்காரர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்வது அதிகமாக இருந்தது. கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் பின்தங்கினார்கள். 2021இல் அரி என்பவரும் சக ஆய்வாளர்களும் அதன் முதல் சோதனையை மறுபடி செய்து பார்த்தார்கள். சொல்லுக்குச் சொல் பதிவு அப்படியே இருந்தது, ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவதாக, சனா, வெஸ்டன், செபெடா 2013இல் வெளியிட்ட ஆய்வு: வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் குறைவாகவே எடுத்தார்கள்.

வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இது போன்றது: ‘2014 ஆய்வின் முதல் சோதனையில் லேப்டாப்பில் இணையம் இல்லை. அப்படியானால் கவனச்சிதறலைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லையே?’ இந்த ஒரு குறிப்பு பின்னால் ஒரு முழுப் பத்தியாகப் போகிறது.

சொந்த வார்த்தையில் எழுதுவதற்கு ஒரே வழி: படியுங்கள், மூடி வையுங்கள், எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூலத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குப் பதில் சொல் போட்டால் வாக்கிய எலும்பு அவர்களுடையதாகவே நிற்கும். கீழே மூலத்தைக் குறிப்பிட்டிருந்தாலும் பல ஆசிரியர்கள் அதைப் பிளேஜியரிசமாகவே (எழுத்துத் திருட்டாகவே) எடுத்துக்கொள்வார்கள்.

படி 3: தீசிஸ் (பலரும் சறுக்கும் இடம்)

தீசிஸ் என்பது கட்டுரை முழுவதும் நிறுவப்போகும் மையக் கூற்று. அது தலைப்பும் அல்ல, வெறும் அபிப்பிராயமும் அல்ல. ஒரே தீசிஸ் எப்படி வளர்கிறது என்று பாருங்கள்.

முதல் முயற்சி: ‘வகுப்பறையில் லேப்டாப்பின் பயன்பாடு இன்று ஒரு முக்கியமான விவாதப் பொருள்.’ இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதமும் இல்லை.

இரண்டாவது: ‘வகுப்பறையில் லேப்டாப்பைத் தடை செய்ய வேண்டும்.’ இப்போது கட்சி வந்துவிட்டது, காரணம் வரவில்லை.

மூன்றாவது: ‘கையால் எழுதுவது நினைவில் நிற்கும் என்பதால் லேப்டாப்பைத் தடை செய்ய வேண்டும்.’ காரணம் வந்துவிட்டது. ஆனால் 2021 ஆய்வு இதன் காலை வாருகிறது. பெரும்பாலோர் இந்த இடத்தில் அந்த ஆய்வைப் பார்க்காதது போலக் கடந்துபோகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சான்று உங்கள் தீசிஸை உடைத்தால் மாற வேண்டியது தீசிஸ்தான்.

நான்காவது: ‘லேப்டாப்பில் குறிப்பெடுப்பதைத் தடுக்கத் தேவையில்லை, ஆனால் லேப்டாப் பயன்படுத்துவோரைப் பின்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். கேடு தட்டச்சு செய்வதால் வருகிறது என்பதற்குச் சான்று உறுதியாக இல்லை. திறந்த திரை பக்கத்தில் இருப்பவரின் கவனத்தையும் இழுக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது.’

இதை ஒருவர் எதிர்க்கலாம், காரணம் உள்ளே இருக்கிறது, எல்லையும் தெரிகிறது. கூடவே கட்டுரையின் வரிசையையும் இதுவே சொல்லிவிடுகிறது: முதலில் தட்டச்சு வாதம், அதன் பலவீனம், பிறகு திரை வாதம், பிறகு தீர்வு.

சோதிக்க எளிய வழி உண்டு. தீசிஸுக்கு நேர் எதிரான வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். புத்தியுள்ள ஒருவர் அதை நம்பக்கூடுமா? கூடாது என்றால் உங்கள் தீசிஸ் வெறும் பொது உண்மை.

ஆரம்பத்திலேயே கச்சிதமான தீசிஸ் கிடைக்காது. மூன்றாவது நிலையில் இருக்கும் ஒன்றோடு முதல் டிராஃப்டைத் தொடங்கலாம். டிராஃப்ட் முடிந்ததும் உங்கள் கடைசிப் பத்தியைப் போய்ப் பாருங்கள். எழுதி முடித்த களைப்பில் அங்கேதான் உண்மையான தீசிஸ் வந்து உட்கார்ந்திருக்கும். அதை வெட்டி முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: சான்றுக்கும் கூற்றுக்கும் நடுவே பாலம்

ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவவாதி 1958இல் வாதத்தைப் பிரித்துக் காட்டிய விதம் இன்றும் கம்போசிஷன் வகுப்புகளில் புழங்குகிறது. அதன் மையத்தில் கூற்று ஒன்று, சான்று ஒன்று, இந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்கு எப்படி வந்தோம் என்கிற இணைப்பு ஒன்று. ‘எப்படி?’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதினால் மூன்றாவது காணவில்லை என்று பொருள்.

பலவீனமான பத்தி: ‘லேப்டாப் கவனத்தைச் சிதறடிக்கிறது. லேப்டாப்பில் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளில் பின்தங்கினர் (முல்லர், ஓபன்ஹைமர் 2014). எனவே தடை அவசியம்.’

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. ஆனால் கூற்று கவனச்சிதறலைப் பற்றியது. சான்றோ குறிப்பெடுக்கும் விதத்தைப் பற்றியது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

சரிசெய்தால்: ‘திறந்த திரை, அதை வைத்திருப்பவரை மட்டும் பாதிப்பதில்லை. சனாவும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், வேறு வேலை பார்ப்பவரின் திரை கண்ணில் பட்ட மாணவர்களும் தேர்வில் பின்தங்கினார்கள். தன் திரையைத் தானே பார்ப்பது ஒருவரின் சொந்த முடிவு. பின்னால் இருப்பவருக்கு அந்த முடிவில் பங்கு இல்லை. ஆகவே கல்லூரி ஒழுங்குபடுத்த வேண்டியது கருவியை அல்ல, அது இருக்கும் இடத்தை.’

மூன்றாவது வாக்கியத்தை மறுபடி படியுங்கள். எந்த ஆய்விலும் அது கிடையாது, அது எழுதுபவரின் சிந்தனை. ஒவ்வொரு பத்தியிலும் அப்படி ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். மேற்கோளில் பத்தியை முடிக்கக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

அளவு: ஒரு பத்திக்கு 130 முதல் 180 சொல் என்று வைத்தால் 1200 சொல்லுக்கு ஏழெட்டுப் பத்தி வரும். ஐந்து பத்தி வார்ப்பை விட்டுவிடுங்கள். மூன்று காரணம் இல்லாத இடத்தில் மூன்றாவதை இட்டுக்கட்ட வைப்பது அதுதான்.

படி 5: முதல் டிராஃப்ட்

நடுப் பத்திகளிலிருந்து தொடங்குங்கள், முன்னுரை கடைசியில். சொல் சிக்கவில்லை என்றால் அடைப்புக்குள் ‘இங்கே 2021 ஆய்வு’ என்று போட்டுவிட்டு நகருங்கள். இலக்கணம் திருத்தும் கருவியை அணைத்து வையுங்கள். நாளை வெட்டப்போகும் வாக்கியத்துக்கு இன்று காற்புள்ளி சரிபார்ப்பது வீண் வேலை.

படி 6: தலைகீழ் அவுட்லைன்

முதல் டிராஃப்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே குறைந்தது ஒரு இரவு இருக்கட்டும். நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார். மாணவர்கள் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது என்றே எடுத்துக்கொண்டார்கள். அனுபவமுள்ளவர்களோ வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள். அந்தத் தேடலைப் பழக்கப்படுத்துவதற்குத் தலைகீழ் அவுட்லைனை (எழுதி முடித்த கட்டுரையிலிருந்து அதன் சுருக்க வரைவை எடுப்பதை) போல வேறு பயிற்சி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

செய்யும் விதம்: கட்டுரையை அச்செடுங்கள். திரையில் செய்தால் கை தானாகச் சொல் திருத்தப் போய்விடும், அதனால் தாள்தான் நல்லது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் இரண்டு குறிப்பு: இந்தப் பத்தி சொல்வது என்ன, ஒரே வாக்கியத்தில்; இந்தப் பத்தி செய்யும் வேலை என்ன, இரண்டே சொல்லில் (‘எதிர்வாதத்துக்குப் பதில்’ என்பது போல). பிறகு கட்டுரையை மூடிவிட்டு அந்தக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள்.

எதைக் கவனிப்பது? ஒரு பத்தியை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அது இரண்டு பத்தி. இரண்டு பத்திக்கு ஒரே வாக்கியம் வந்தால் ஒன்றை வெட்டலாம். ‘லேப்டாப்பின் வரலாறு’ மாதிரி ஒரு குறிப்பு வந்து, அது தீசிஸில் எந்தச் சொல்லையும் தாங்கவில்லை என்றால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது போக வேண்டியதுதான். வெட்டியதை வேறொரு கோப்பில் போட்டு வையுங்கள், வெட்ட மனம் வரும். இரண்டு பத்தியை இடம் மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால், அவற்றுக்கு நடுவே வாதம் ஓடவில்லை, பட்டியல்தான் ஓடுகிறது. ‘மேலும்’, ‘அடுத்ததாக’ என்று தொடங்கும் பத்திகளை இந்தக் கண்ணோடு முதலில் பாருங்கள். அங்கே ‘ஆனால்’ அல்லது ‘ஆகவே’ பொருந்துமா என்று கேட்டாலே நோய் தெரிந்துவிடும்.

படி 7: வாக்கியமும் மேற்கோள் நடையும்

இப்போது வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். இலக்கணக் கருவியை இப்போது போடலாம். அது சொல்லும் எல்லா மாற்றத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

மேற்கோளுக்கு ஜோட்டெரோ என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன், மூலங்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும், இலவசம். இணையத்தில் ஒரே சொடுக்கில் மூலப்பட்டியல் தரும் தளங்கள் பெரிய எழுத்து, ஆசிரியர் பெயர் வரிசை இரண்டிலும் அடிக்கடி தவறுகின்றன. எதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் கண்ணால் சரிபாருங்கள். எம்எல்ஏ, ஏபிஏ என்பவை மேற்கோள் காட்டும் இரண்டு நடைகள். மூலத்தை எழுதியவர்கள் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் எம்எல்ஏ நடையிலும் ஏபிஏ ஏழாம் பதிப்பிலும் உள்மேற்கோளில் முதல் பெயரும் ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) என்பதும் போதும். நீண்ட மேற்கோளைத் தனியாக உள்தள்ளிப் போட, எம்எல்ஏவில் உரைநடை நான்கு வரியைத் தாண்ட வேண்டும்; ஏபிஏவில் 40 சொல் வந்தாலே போதும். 1200 சொல் கட்டுரையில் அப்படி ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், இடம் போய்விடும்.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றியவர்களுக்கு இரண்டு இடத்தில் தடங்கல் வந்திருக்கிறது.

ஒன்று, எதிர்வாதப் பத்தி. ‘சிலர் லேப்டாப் நல்லது என்பார்கள், ஆனால் அது தவறு’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பின் மிக வலுவான வடிவத்தை எடுங்கள்: மாற்றுத்திறனாளி மாணவருக்கு லேப்டாப் கட்டாயத் தேவையாக இருக்கலாம், பின்வரிசைக்கு அனுப்பினால் அவர் நிலை எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதற்கு உங்கள் தீசிஸ் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. பின்வரிசைக்குப் பதில் இருபக்க ஓரங்களையும் சேர்த்து, இடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றலாம். அந்த மாற்றத்தைக் கட்டுரையிலேயே காட்டுங்கள்.

இரண்டு, ஏஐ சாட்பாட். உங்கள் பாடத்திட்டத் தாளில் என்ன விதி என்று முதலில் பாருங்கள். வகுப்புக்கு வகுப்பு மாறும். அனுமதி இருந்தாலும் மூலங்களைத் தேட அதை நம்பாதீர்கள், இல்லாத ஆய்வுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தந்துவிடும். அனுமதி உள்ள இடத்தில் பயனுள்ள ஒரு வேலை: தலைகீழ் அவுட்லைனை நீங்களே எழுதி முடித்த பிறகு, சாட்பாட்டையும் ஒரு அவுட்லைன் போடச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ, அங்கே நீங்கள் மனதில் நினைத்தது தாளுக்கு வந்து சேர்ந்திருக்காது. கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு முந்தைய டிராஃப்டுகளை வைத்திருக்கும். நீங்களே எழுதியதுதானா என்று கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அது உதவும்.