‘கேண்டிமேன்’ பார்க்க உட்காரும்போது செய்யக்கூடாதவை

1992இல் வந்த ‘கேண்டிமேன்’ படத்தை முதல்முறை பார்க்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பதற்றமும் வந்துவிடும். நண்பர்களுக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் பழைய பேய்ப்படங்களைப் போட்டுக்காட்டுவது எனக்கு நெடுநாள் பழக்கம். புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள்தான். விளக்கை அணையுங்கள், போனைத் தூர வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

## 2021 படத்தை முதலில் பார்ப்பது

பெயர் ஒன்றுதான், ஆனால் அது இதன் தொடர்ச்சி. 1992 முதலில்.

## முதல் பாதியை ஓட்டிவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

கேண்டிமேன் நேரில் வந்து நிற்கவே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை பெரும்பாலும் பேச்சுதான். ஹெலன் என்ற ஆராய்ச்சி மாணவி சிகாகோவில் செவிவழிக் கதைகளைச் சேகரித்துக்கொண்டு அலைகிறாள். கண்ணாடி முன்னால் நின்று ஐந்து தடவை பெயரைச் சொன்னால், கைக்குப் பதில் கொக்கி வைத்தவன் பின்னால் வந்து நிற்பானாம். இதை ஒரு மாணவி ஒரு விதமாகச் சொல்கிறாள், பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

அக்கா மகன் இந்தப் பகுதியைப் பத்துப் பத்து விநாடியாகத் தட்டித் தள்ளிவிட்டு, ரத்தம் வருகிற இடத்திலிருந்து ஒழுங்காகப் பார்த்திருக்கிறான். அப்புறம் என்னிடம் வந்து, “மாமா, அவன் எதுக்கு இவகிட்ட மட்டும் வர்றான்? லாஜிக்கே இல்லையே” என்றான். கதாகாலட்சேபத்துக்குப் போய்ச் சுண்டலுக்கு மட்டும் காத்திருந்தவன் கேட்கிற கேள்வி. லாஜிக் அவன் தள்ளிவிட்ட இடத்தில்தான் இருந்தது.

என்ன நடக்கிறது என்றால், சிகாகோவில் ஏழைகள் வாழும் கப்ரினி-கிரீன் குடியிருப்பின் பொதுக் கழிப்பறையில் ஹெலனை ஒருவன் கொக்கியால் அடித்துப் போடுகிறான். அவன் பேய் இல்லை. அந்தப் பெயரை வைத்துச் சனங்களை மிரட்டி வந்த ஒரு கும்பல் தலைவன். போலீஸ் நிறுத்திக்காட்டிய வரிசையில் அவனை ஹெலன் அடையாளம் சொல்லிவிடுகிறாள். அவன்தான் கேண்டிமேன், விஷயம் முடிந்தது என்று ஆகிவிடுகிறது. பயந்துபோயிருந்த சிறுவனிடம் கேண்டிமேன் என்று யாரும் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறாள். அதாவது, நம்பிக்கையை உடைத்துவிடுகிறாள். சனங்களுடைய பேச்சில் மட்டுமே உயிரோடு இருந்த நிஜக் கேண்டிமேன், அந்தப் பேச்சு நின்றுபோனதால்தான் கார் நிறுத்துமிடத்தில் அவள் முன்னால் வந்து நிற்கிறான். கழிப்பறைக் காட்சியைத் தள்ளிவிட்டால், சும்மா ஒரு நெட்டை மனிதன் கோட்டு போட்டு வருவதுபோலத்தான் தெரியும்.

அவன் யார் என்பதும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த கறுப்பின ஓவியன், அடிமையாக இருந்தவரின் மகன். பணக்கார வெள்ளையர் வீட்டுப் பெண்ணை ஓவியம் தீட்டப் போய்க் காதலில் விழுகிறான். அதற்காக ஒரு கும்பல் அவன் கையை வெட்டி, உடம்பில் தேனைப் பூசி, தேனீக்களைவிட்டுக் கொன்றது. இத்தனையும் சாப்பாட்டு மேசையில் ஒரு பேராசிரியர் வாயால் சொல்லக் கேட்கிறோம். ஃப்ளாஷ்பேக் கிடையாது. அந்த ஒரு காட்சி போனால் முன்கதை மொத்தமும் போச்சு.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது குளியலறைக் காட்சி. ஹெலன் இருக்கும் வசதியான அடுக்குமாடியும் கப்ரினி-கிரீனும் ஒரே மாதிரிக் கட்டடங்கள். ஏழைகளுக்கென்று கட்டியதை, சுவருக்கு மேல் பூச்சுப் பூசி, நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். இதைத் தோழிக்கு நிரூபிக்கக் குளியலறைக் கண்ணாடி அலமாரியைச் சுவரிலிருந்து கழற்றுகிறாள். பின்னால் சுவர் இல்லை, ஓட்டை. அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அலமாரியின் முதுகு. அதே கண்ணாடி முன்னால் நின்று இருவரும் விளையாட்டாகப் பெயரைச் சொல்கிறார்கள். தோழி இடையில் நிறுத்திவிடுகிறாள், ஹெலன் ஐந்தையும் சொல்லி முடிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, கப்ரினி-கிரீனில் ஒரு காலி வீட்டின் அலமாரி ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் போகிறாள். கேமரா மெல்ல விலகினால், அவள் வெளிவந்த ஓட்டை சுவரில் வரைந்த பிரம்மாண்டமான முகத்தின் வாய். சத்தமும் இல்லை, சாவும் இல்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவன் வர வழி இருக்கிறது என்பது நம் மண்டைக்குள் ஏறிவிடும். பிறகு வருகிற கொலைகளுக்கெல்லாம் பயம் இங்கிருந்துதான் வருகிறது.

எனவே ரிமோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். என் வீட்டில் அது இப்போது என் மடியில்தான் இருக்கும்.

## “இது உண்மைக் கதை” என்று அறிமுகப்படுத்துவது

பாதி உண்மை, அதனால்தான் தொல்லை. மூலம் கிளைவ் பார்க்கர் எழுதிய சிறுகதை. களம் இங்கிலாந்தின் லிவர்பூல். இயக்குநர் பெர்னார்ட் ரோஸ் அதைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார், கறுப்பு-வெள்ளை நிறப் பாகுபாட்டையும் அதன் வரலாற்றையும் அதில் சேர்த்தார். அலமாரி ஓட்டை மட்டும் நிஜம். 1987இல் சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் அப்படி உள்ளே வந்தவர்கள் ஒரு பெண்ணைக் கொன்றார்கள். பயத்தில் அவர் போலீசுக்குப் போன் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. நடந்த இடம் கப்ரினி-கிரீன் இல்லை, ஏபிஎல்ஏ என்ற வேறொரு குடியிருப்பு. இரண்டையும் குழப்பிச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதை விளக்குபவர்கள் அதைவிட ஏராளம். முடிந்தபின் பேசுங்கள். கப்ரினி-கிரீனின் அடுக்குமாடிகளை 2011க்குள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்பதையும் அப்போது சொல்லலாம்.

## டப்பிங்கில் பார்ப்பது

கேண்டிமேனாக நடித்த டோனி டாட்டின் குரல் போனால் படத்தில் பாதி போச்சு. சப்டைட்டில் போதும்.

## போன் ஸ்பீக்கர்

படத்துக்கு இசையமைத்த ஃபிலிப் கிளாஸின் ஆர்கனும் கோரஸும் அதில் கொசு மாதிரி கேட்கும். ஹெட்போன் மாட்டுங்கள்.

## தேனீக்களைப் பார்த்து “கிராஃபிக்ஸ்” என்பது

நிஜத் தேனீக்கள், டோனி டாட்டின் வாய்க்குள்ளே. ஒவ்வொரு கொட்டுக்கும் தனிப் பணம் பேசி வாங்கியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

## முடிந்ததும் கண்ணாடி முன்னால் ஓடுவது

ஐந்து தடவை சொல்லுங்கள். பல் தேய்த்துவிட்டுப் படுங்கள்.

## நாய் வளர்ப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது

படத்தில் ஒரு ராட்வைலர் வருகிறது. அதற்கு நல்லது நடக்காது. சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் பாதியில் எழுந்து போவார்கள், சமாதானப்படுத்திக் கூட்டிவருவதற்குள் இன்டர்வெல் விட்டதாகிவிடும்.