வில் வேட்டைப் பயிற்சிக்கு ஓர் அம்பு போதும்

குறிபார்க்கும் கருவி இல்லாத ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) அல்லது லாங்போ (நீளமான, எளிய வளைவுள்ள வில்) கொண்டு மான் வேட்டைக்குத் தயாராகிறவர்கள், ஒரே இடத்தில் நின்று ஆறு அம்புகளை வரிசையாக எய்வதை விட்டு, ஓர் அம்பை மட்டும் எய்து, அதை எடுத்து வந்தபின் தொலைவை அளக்காமல் வேறோர் இடத்திலிருந்து மீண்டும் எய்ய வேண்டும்.

நின்ற இடத்திலேயே நின்றால், முதல் அம்பு விழுந்த இடத்தைக் கண்டு கை தானாகவே அடுத்ததைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தத்தையே நாம் திறமை என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்கக் காட்டில் வெண்வால் மான் 20 கஜத்துக்குள், அதாவது சுமார் 18 மீட்டருக்குள், வந்து நிற்கும்போது பெரும்பாலும் ஒரே வாய்ப்புத்தான் கிடைக்கும். அந்த ஓர் அம்பு குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடி வதைபடக்கூடும் என்பதால், இந்தப் பயிற்சியைக் கட்டாயமானது என்றே கருதுகிறேன். அம்போடு அம்பு மோதாததால் இறகும் தண்டும் சேதமாகாமல் செலவும் மிச்சமாகும்.

நாணை இழுப்பதும் விடுவதும் இன்னும் கைவராத புதியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சில அடி தொலைவில், குறி எதுவும் வரையாத வைக்கோல் கட்டின் மீது பலமுறை எய்து உடலைப் பழக்குவதே முதல் வேலை. புதிய அம்புகள் வில்லுக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதிக்கும்போதும், ஒரே இடத்திலிருந்து பல அம்புகளை எய்துதான் பார்க்க வேண்டும்.