ஸ்போர்ட்ஸ் காரில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ்? கணக்குப் போட்டுத் தேர்வு செய்யும் முறை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது குதிரைத்திறன். அப்புறம் 0-விலிருந்து 100-ஐ எத்தனை விநாடியில் தொடும் என்பது. இந்த இரண்டையும் வைத்து எஞ்சினை முடிவு செய்துவிட்டு, கியர்பாக்ஸைக் கடைசியில் அவசரமாகத் தேர்வு செய்கிறார்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே ஜோடியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நல்ல எஞ்சின், நல்ல கியர்பாக்ஸ் என்று தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்த்தாலும், நீங்கள் ஓட்டும் சாலைக்கு அந்த ஜோடி பொருந்தாமல் போகலாம்.

உதாரணத்துக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2016-இல் வந்து 2025-இல் தயாரிப்பு நின்ற போர்ஷே 718 கேமன். இனி இதைப் பெரும்பாலும் பழைய காராகத்தான் வாங்க முடியும். இன்னொன்று, 2015-இல் வந்த நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஒரு நோட்டை எடுத்து உங்களுடைய சாதாரண வாரம் ஒன்றை எழுதுங்கள். நெரிசலில் எத்தனை மணி நேரம், திறந்த சாலையில் எவ்வளவு, மலைப்பாதை உண்டா, பந்தய டிராக்குக்குப் போவீர்களா? சாலையின் வேக வரம்பையும் பக்கத்திலேயே குறியுங்கள். பிரிட்டனில் ஊருக்கு வெளியே உள்ள இருவழிச் சாலையில் கார்களுக்கான வரம்பு பொதுவாக மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச் சாலையில் வரம்பே இல்லாத பகுதிகள் இருக்கின்றன. ஒரே கார் இந்த இரண்டு இடங்களிலும் வேறு வேறு கார்போல நடந்துகொள்ளும். ஏன் என்று 3-ஆம் படியில் கணக்கோடு பார்ப்போம்.

உரிமத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் 3ஏ, மலேசியாவில் டிஏ என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம்.

படி 2: டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது?

டார்க் என்பது எஞ்சினின் முறுக்கு விசை. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது முதுகை சீட்டோடு அழுத்துவது அதுதான். எவ்வளவு டார்க் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். எந்த ஆர்பிஎம்மிலிருந்து (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) எதுவரை கிடைக்கிறது என்பதை விவரப் பட்டியலில் தேட வேண்டும்.

718 கேமனில் மூன்று எஞ்சின்களைப் பாருங்கள். சாதாரண கேமனில் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி): 300 பிஎஸ் (குதிரைத்திறனின் அளவு), 380 நியூட்டன் மீட்டர் டார்க். கேமன் எஸ்-இல் 2.5 லிட்டர் டர்போ: 350 பிஎஸ், 420 நியூட்டன் மீட்டர். ஜிடிஎஸ் 4.0-வில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர்: 400 பிஎஸ், மேனுவலில் அதே 420 நியூட்டன் மீட்டர்.

கடைசி இரண்டிலும் டார்க் ஒன்றுதான். ஆனால் கேமன் எஸ் அந்த 420-ஐ 1900 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிட்டு 4500 வரை விடாமல் வைத்திருக்கிறது. ஜிடிஎஸ்-இல் அது வரவே 5000 ஆகிவிடும். அப்புறம் 6500 வரை நிற்கும். டர்போ எஞ்சின் கீழேயே வேலையை முடித்துவிடும். ஆறு சிலிண்டரோ ஏற ஏறத்தான் விழித்துக்கொள்ளும். 7800 வரை அந்தச் சத்தம் மாறிக்கொண்டே போவதைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் அதுதான். ஆனாலும் எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் அடுத்த படியில்.

படி 3: ஒவ்வொரு கியரும் எந்த வேகம் வரை போகும்?

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. ஒரு கால்குலேட்டர் போதும். விவரப் பட்டியலிலிருந்து மூன்று எண்கள் வேண்டும்: கியர் விகிதம் (அந்தக் கியரில் எஞ்சின் சுற்றை கியர்பாக்ஸ் எத்தனை மடங்கு குறைக்கிறது என்பது), இறுதி விகிதம் (சக்கரத்துக்குப் போகும்முன் அது இன்னொரு தடவை குறையும் அளவு), பின் டயரின் சுற்றளவு. டயர் சுற்றளவு நேராகக் கிடைக்காவிட்டால் ஒரு டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து அளக்கலாம்.

கணக்கு இதுதான். ஆர்பிஎம்மை டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்குங்கள். அதை 0.06-ஆல் பெருக்குங்கள். வருவதை, கியர் விகிதத்தையும் இறுதி விகிதத்தையும் பெருக்கிய எண்ணால் வகுங்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும்.

முதலில் 2.0 லிட்டர் மேனுவல் எம்எக்ஸ்-5. இரண்டாம் கியர் 2.991, இறுதி விகிதம் 2.866. இரண்டையும் பெருக்கினால் சுமார் 8.57. டயர் சுற்றளவு ஏறக்குறைய 1.94 மீட்டர். 184 பிஎஸ் எஞ்சினின் ரெட்லைன், அதாவது தாண்டக் கூடாத உச்ச ஆர்பிஎம், 7500. கணக்குப் போட்டால் இரண்டாம் கியரில் மணிக்கு சுமார் 102 கிலோமீட்டர் வரை போகும்.

இப்போது ஜிடிஎஸ் 4.0 மேனுவல். இரண்டாம் கியர் 1.95, இறுதி விகிதம் 3.89, பெருக்கினால் சுமார் 7.59. டயர் 2.18 மீட்டர், ரெட்லைன் 7800. விடை சுமார் 134 கிலோமீட்டர்! மூன்றாம் கியரில் 186-ஐத் தொடும்.

97 கிலோமீட்டர் வரம்புள்ள சாலைக்கு இதைக் கொண்டு வாருங்கள். எம்எக்ஸ்-5 இரண்டாம் கியரில் அந்த வேகத்தைத் தொடும்போது 7100-ஐத் தாண்டியிருக்கும். எஞ்சின் முழுதையும் அனுபவித்துவிட்டீர்கள். ஜிடிஎஸ் அதே வேகத்தில், அதே இரண்டாம் கியரில் 5600 அளவில்தான் இருக்கும். 400 பிஎஸ் முழுதாக வருவது 7000-இல். காசு கொடுத்து வாங்கிய அந்தக் கடைசி 2000 ஆர்பிஎம்மைத் தொட வேண்டுமானால் முதல் கியரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வரம்பை மீற வேண்டும். டிராக்கில் இந்தக் கவலை கிடையாது, ஆட்டோபானிலும் கிடையாது. அங்கே அந்த நீளமான கியர்கள் சரியாகப் பொருந்துகின்றன.

ஜப்பானில் துணிக்கூரை எம்எக்ஸ்-5-ஐ 1.5 லிட்டர் எஞ்சினோடு விற்றதை ஒரு குறையாகப் பார்க்கத் தேவையில்லை. சுமார் 130 பிஎஸ், ஏறக்குறைய ஒரு டன் எடை. அந்த எஞ்சினை அடிக்கடி கடைசிவரை கொண்டுபோக முடிகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் நல்ல ஆசான்.

படி 4: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்வதில் வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. எம்எக்ஸ்-5-இல் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் பகுதி) வைத்த 6 கியர். 718-இல் இருப்பது பிடிகே என்கிற 7 கியர் இரட்டை கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்று 2, 4, 6-ஐ. நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுபடாமல் கியர் மாறிவிடும். 1980-களில் 956, 962 பந்தயக் கார்களில் போர்ஷே சோதித்துப் பார்த்த நுட்பம் இது.

வேகம்தான் வேண்டும் என்றால் பிடிகே. ஜிடிஎஸ் 4.0 மேனுவலில் 100-ஐத் தொட 4.5 விநாடி, பிடிகே-வில் 4.0. எடை சுமார் 30 கிலோ கூடும், அவ்வளவுதான். ஆனால் 2020-இல் போர்ஷே இந்தக் காரை முதலில் மேனுவலோடு மட்டும்தான் கொண்டு வந்தது. பிடிகே பிறகுதான் சேர்ந்தது. காத்திருந்து மேலேறும் எஞ்சினுக்கு, கியரை எப்போது மாற்றுவது என்று கையும் காலும் முடிவு செய்வது நன்றாகவே பொருந்துகிறது.

என் பரிந்துரை இதுதான். வாரத்தில் ஐந்து நாள் நெரிசல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல சாலை என்றால் கேமன் எஸ், பிடிகே. கீழேயே கிடைக்கும் 420 நியூட்டன் மீட்டரும் தானாக மாறும் கியரும் நகரத்தில் உங்களைக் களைப்பாக்காது. டிராக், நீண்ட திறந்த சாலை என்றால் ஜிடிஎஸ் 4.0, மேனுவல். வேக வரம்புள்ள வளைவு நெளிவான சாலைகள்தான் உங்கள் உலகம் என்றால் எம்எக்ஸ்-5, எந்த எஞ்சினானாலும் மேனுவல். அதன் ஆட்டோமேட்டிக் மோசமில்லை, ஆனால் அந்தக் காரின் குட்டை கியர் கம்பியை மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தள்ளும் சுகம் அதில் போய்விடும்.

படி 5: ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்வது?

எண்ணெய் சூடாகும்வரை எஞ்சினை விரட்டாதீர்கள். அப்புறம் ஒரு காலியான நேர் சாலையில், மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மில் சீராகப் போங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து மனதுக்குள் எண்ணுங்கள். டர்போ கார் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டு ஒரேயடியாகத் தள்ளும். டர்போ இல்லாத கார் உடனே பதில் சொல்லும், ஆனால் மெதுவாகச் சொல்லும். இந்த இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதை அந்த இரண்டு மூன்று விநாடிகளே காட்டிவிடும். பிடிகே என்றால் இந்தச் சோதனைக்கு முன் மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே கீழ் கியருக்கு இறங்கிவிடும்.

மேனுவல் காரை ஒரு முறையாவது நெரிசலிலும் ஓட்டுங்கள். விற்பவர் காலி சாலைக்குத்தான் அழைத்துப் போவார். நீங்கள் மாலை ஆறு மணிக்கு நேரம் கேளுங்கள். இருபது நிமிடம் நகர்ந்து நகர்ந்து போன பிறகு இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, ஏற்றத்தில் நழுவுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பழைய காராக இருந்தால் கிளட்ச் எப்போது மாற்றினார்கள், பிடிகே என்றால் அதன் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, சர்வீஸ் புத்தகத்தில் அந்தத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள்.