லிஸ்ட்டோட டான் ஜுவான் ஃபேன்டசிய எப்படி கேக்கலாம்

மோட்சார்ட்டோட டான் ஜொவான்னிங்கிற ஆபராவுல (பாட்டாவே நடக்குற நாடகம்; டான் ஜுவானோட இத்தாலியப் பேர்தான் அது) வர்ற மெட்டுகள வச்சு கம்போஸர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் எழுதின பியானோ பீஸ் இது. ஆனா நேரா அதுல போய் குதிக்காதீங்க. மொதல்ல மோட்சார்ட்டோட டான் ஜொவான்னி ஆபராவுல மூணு இடம் மட்டும் சப்டைட்டிலோட பாத்துடுங்க, முழுசா பாக்க மூணு மணி நேரம் ஆகும், அத அப்புறம் பாத்துக்கலாம். பொம்பளைங்கள மயக்குற டான் ஜொவான்னி ஸெர்லினாங்கிற கிராமத்துப் பொண்ணோட பாடுற 'லா சி தாரெம் லா மானோ' டூயட், அவனோட ஷாம்பெயின் பாட்டு, அப்புறம் அவன் கையால செத்துப்போன கமாண்டரோட சிலை விருந்துக்கு வந்து நின்னு அவன நரகத்துக்கு அனுப்புற சீன். காமெடி ஆபராவுல நரகம் எங்க வந்துச்சுன்னு கேக்காதீங்க, மோட்சார்ட் தன்னோட படைப்புகள குறிச்சு வச்ச கேட்டலாக்ல இத ஆபரா பூஃபா, அதாவது காமெடி ஆபரான்னுதான் எழுதி வச்சிருக்காரு.

இப்ப 1841ல லிஸ்ட் எழுதினத போடுங்க, சுமார் 17 நிமிஷம். எடுத்த எடுப்புலயே சிலைதான் வரும்! கதை தெரிஞ்சவனுக்கு அப்பவே வயித்த கலக்கும், ஏன்னா டான் ஜொவான்னியோட கதி என்னன்னு சொல்லிட்டுதான் அடுத்து டூயட்டையே ஆரம்பிக்கிறாரு.

அந்த டூயட்ல கொஞ்சம் நிதானமா காது குடுங்க. ஆபராவுல டான் ஜொவான்னி ஒரு முழு அடி பாடுவான், அதே மெட்டுல ஸெர்லினா பதில் சொல்லுவா, போகப்போக ரெண்டு பேரோட வரியும் சின்னதாகி ஒண்ணோட ஒண்ணு நெருங்கி கடைசில சேந்தே பாடுவாங்க, அதாவது அவ சரின்னுட்டா. பியானோல வார்த்தையே கிடையாது, அதனால கீழ் ஸ்தாயில வந்தா அவன், மேல வந்தா அவ, அப்படி பிரிச்சு கேளுங்க. அடுத்து அதே மெட்ட மாத்தி வாசிக்கிற ரெண்டு வேரியேஷன்லயும் நோட்ஸ் மழையா கொட்டும், மெட்ட வாய்க்குள்ள முணுமுணுத்துட்டே இருங்க, விட்டுட்டா அப்புறம் வெறும் சர்க்கஸ்தான். கன்னாபின்னான்னு ஸ்பீடா வாசிக்கிற ரெக்கார்டிங்க மொத தடவைக்கு எடுக்காதீங்க.

ஷாம்பெயின் பாட்டு வந்தா யோசிக்காதீங்க, அது குடிச்சுட்டு ஆடுற ஆட்டம், கூடவே ஓடுங்க. ஆனா பீஸ் முடியுற இடத்துல உஷாரா இருங்க, சிலை திரும்ப வரும். நிறைய பேர் இத வெறும் வித்தை காட்டுற பீஸ்னு ஒதுக்குறாங்க, எனக்கு அந்த வரிசைய அடுக்கினதுதான் பெரிய வேலையா தெரியுது.

வாசிச்சே பாக்கணும்னு ஆசைப்பட்டா டூயட்டோட மூல மெட்டோட நிறுத்திக்கங்க, ரஷ்ய பியானோ கலைஞரும் கம்போஸருமான ஸ்க்ரியாபினே இதையும் பலகிரேவோட இஸ்லாமேங்கிற இன்னொரு கஷ்டமான பியானோ பீஸையும் ஓவரா ப்ராக்டிஸ் பண்ணி வலது கைய கெடுத்துக்கிட்டவரு. இல்லன்னா கூட வாசிக்க ஒரு ஆள புடிங்க, ரெண்டு பியானோவுக்கும் லிஸ்ட்டே ஒரு வெர்ஷன் எழுதியிருக்காரு.